மண்ணில் கிடைத்த பழங்காசை அடையாளம் காண்பது எப்படி? எடுத்த நிமிடத்திலிருந்து பெயர் எழுதும் வரை

உழுத வயல், வற்றிய ஆற்று மணல், அஸ்திவாரக் குழி, இப்போது சிலர் கையில் மெட்டல் டிடெக்டர். எப்படிக் கிடைத்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். காசைச் சட்டையில் துடைத்து, செல்போனில் படம் எடுத்து, "இது எந்த ராஜா காசு, எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். எனக்கு வரும் பத்துப் படங்களில் எட்டு இப்படித்தான். எடை இல்லை, அளவு இல்லை, ஊர் இல்லை. அதற்குள் காசு பாதி தேய்ந்தும் போயிருக்கும்.

தேய்ந்த காசில் கண் தேடுவதைத்தான் பார்க்கும். எனவே படத்தைக் கடைசியில் பாருங்கள். இடம், எடை, வடிவம், உலோகம் நான்கும் முதலில் முடிந்தால், நூறு சாத்தியங்கள் ஐந்தாகக் குறைந்துவிடும். அந்த ஐந்தில் எது என்று சொல்லத்தான் படம்.

கீழே வருவதெல்லாம் தமிழ்நாட்டு மண்ணில் பொதுவாகக் கிடைப்பவற்றை வைத்து எழுதியது.

1. முன்பே வாங்கி வைக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. சமையலறைத் தராசு போதாது. 'பணம்' என்ற சின்னப் பொற்காசு ஒன்றின் எடையே அரை கிராமுக்குள்தான். சமையல் தராசு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல். இரும்பு வெர்னியரின் முனை செம்பில் கோடு போட்டுவிடும்.

நகை ஆசாரிகள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், சின்ன டார்ச், மூங்கில் பல்குத்தி, பேப்பர் கவர்கள், பென்சில். அப்புறம் ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர். மெக்கானிக் கடையில் "பேட்டரி தண்ணி" என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் லேபிளைப் படித்து வாங்குங்கள். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும்.

2. எங்கே எடுக்கலாம், எப்போது கையை எடுக்க வேண்டும்

இதை அடையாளம் காணும் வழிகாட்டியில் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் காசை யாரிடமும் காட்ட முடியாமல் ஒளித்து வைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காட்ட முடியாத காசுக்கு உறுதியான பெயர் கிடைக்காது.

இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டினுடையது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் எதுவும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு ஒரு செப்புக்காசுகூட அதைத் தாண்டிவிடும். வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் வழியாக மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் சுலபம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அகழாய்வு நடக்கும் ஊர்களின் மேட்டில் டிடெக்டரோடு நடக்கவே நடக்காதீர்கள். 100 ஆண்டு தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. துபாயிலிருக்கும் மாமாவிடம் கொடுத்து விசாரிக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம்.

ஒரு காசுக்குப் பக்கத்திலேயே இரண்டு, மூன்று என்று வந்தாலோ, பானையின் விளிம்பு தெரிந்தாலோ அத்தோடு நிறுத்துங்கள். பானையைத் தூக்காதீர்கள். உள்ளே காசுகள் எந்த வரிசையில் கிடக்கின்றன, எந்தக் காசோடு எந்தக் காசு கலந்திருக்கிறது என்பதிலிருந்துதான் புதைத்த காலமே தெரியும். கொட்டிவிட்டால் அது போய்விடும்.

3. துடைப்பதற்கு முன் இடத்தை எழுதுங்கள்

எடுத்த இடத்தில் நின்றபடியே எழுத வேண்டும். ஊர், நிலம் எப்படிப்பட்டது, எத்தனை அங்குல ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது. செல்போனில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளலாம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் மூன்று காசும் ஒரே பாக்கெட்டில் கலந்துவிடும். நான் அப்படித் தொலைத்தது ஒன்றல்ல.

இடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கரூரில் அமராவதி மணலில் கிடைத்த முகம் பொறித்த வெள்ளிக்காசு என்றால் ரோமானியர் மட்டுமல்ல, சேரரையும் நினைக்க வேண்டும். அதே காசு ஊர் பெயரில்லாமல் வந்தால் எல்லாரும் "ரோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தரங்கம்பாடிக் கடற்கரை என்றால் டேனியர் (டென்மார்க்காரர்) காசு, பட்டுக்கோட்டைப் பக்கம் என்றால் சீனக் காசு என ஊரே பாதி பதிலைச் சொல்லும். பாதிதான். காசு கையிலிருந்து கைக்குப் போகும் பொருள் என்பதால் ஊரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

4. கழுவாதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நம் வீடுகளில் செம்பு என்றாலே புளி. எனக்குக் கிடைத்த முதல் காசைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பச்சை போய், ரோஜா நிறத்தில் பளபளவென்று வந்தது. அம்மாவுக்கும் சந்தோஷம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு எழுத்து இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு அங்கே மூன்று வரி இருந்தது.

நடந்தது இதுதான். பல நூறு ஆண்டு மண்ணில் கிடக்கும் செம்பின் மேல் முதலில் ஒரு செந்நிறப் படலம், அதற்கு மேல் பச்சைப் படலம் என வளர்கிறது. பழைய எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கும். அடியிலுள்ள உலோகம் ஏற்கெனவே அரிபட்டது. புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலீஷ் எல்லாமே படலத்தைக் கரைக்கும், எழுத்தையும் சேர்த்து. அடியில் மிஞ்சுவது வழுக்கைத் தகடு.

செய்யக்கூடியது இவ்வளவுதான். காசை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரில் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். மண் இளகியதும் ஈர மூங்கில் பல்குத்தியால், லென்ஸின் கீழ் வைத்து, எழுத்தின் மேல் அல்ல, எழுத்துக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். வராத மண்ணை விட்டுவிடுங்கள். நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். குழாய்த் தண்ணீர் ஏன் கூடாது என்றால், அதிலுள்ள உப்பு செம்பின் அரிப்பைத் தூண்டிவிடும்.

காய்ந்த காசில் வெளிர்பச்சை மாவு போலப் பொரிந்து, தொட்டால் உதிர்ந்தால், அது சாதாரணப் பாசி நிறம் அல்ல. உள்ளே குளோரைடு உப்பு வேலை செய்கிறது. அந்தக் காசைத் தனிக் கவரில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் அரிப்பு அடங்கும். கடலோரக் காசுகளில் இது அடிக்கடி வரும்.

வெள்ளியின் கறுப்பையும் தேய்க்க வேண்டாம். ஈயம் என்று சந்தேகம் வந்தால் தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எடை, விட்டம், வடிவம்

முழுதாகக் காய்ந்த பிறகே எடை போடுங்கள். ஈரக் காசு பொய் சொல்லும். மூன்று முறை போட்டு, மூன்றையும் எழுதுங்கள். விட்டத்தை இரண்டு திசையில் எடுங்கள். கையால் அடித்த காசு முழு வட்டமாக இருக்காது என்பதால் 18.2 x 19.6 மில்லிமீட்டர் என்ற மாதிரி இரண்டு எண் வரும்.

அடுத்தது விளிம்பு. சுற்றிலும் ஒரே தடிமன், ஒழுங்கான வரம்பு என்றால் இயந்திரக் காசு. ஏறக்குறைய கடந்த 300 ஆண்டுக்குள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, ஓரத்தில் விரிசலும் இருந்தால் சம்மட்டியால் அடித்தது. சதுரமோ நீள்சதுரமோ ஆன செம்பு என்றால் சங்க காலக் காசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் மனப்பாடமாக வைத்திருக்கும் எடைகள் சில. ரோமானிய தினாரியஸ் வெள்ளி 3.5 முதல் 4 கிராம். வராகன் என்ற பொற்காசு சுமார் 3.4 கிராம். ராஜராஜன் செப்புக்காசு பெரும்பாலும் 3 முதல் 4.5 கிராம், 18 முதல் 21 மில்லிமீட்டர். வெள்ளி ரூபாய் 11.66 கிராம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காலணா 6.48 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கான தம்பிடி 2.16 கிராம்.

மண்ணில் அரிபட்ட செம்பு பெரும்பாலும் எடை குறைந்திருக்கும். அளவுக்கு மேல் கனமாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

6. காந்தம் வைத்துப் பாருங்கள்

பொன், வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுகிறது என்றால் இரும்பு கலந்த நகலாக இருக்கலாம், அல்லது சோடா மூடி. ஒரு விதிவிலக்கு உண்டு: 1947 ரூபாய்க் காசு சுத்த நிக்கல். நிக்கல் ஒட்டும். "வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டுது, போலி" என்று தூக்கி எறிய வேண்டாம்.

காந்தம் என்றதும் இன்னொன்று. அரிசியை இழுக்கும் கலசம், ரைஸ் புல்லர், இரிடியம் காசு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அரிசியை எந்தக் காசும் இழுக்காது. அரிசிக்குள் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். இதில் வீட்டை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

7. பக்கவாட்டில் வெளிச்சம்

நேர் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வெறும் தகடு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கத்திலிருந்து அடியுங்கள். அரை முடி உயரம் மட்டுமே மிஞ்சிய கோடும் நிழல் போடும். நான்கு திசையிலும் அடித்து நான்கு படம் எடுங்கள். கிழக்கிலிருந்து அடித்தபோது காணாத யானைத் துதிக்கை தெற்கிலிருந்து அடித்தால் எழுந்து நிற்கும்.

புதியவர்கள் தடுமாறுவது எது மேல், எது கீழ் என்பதில். மிருகம் இருந்தால் கால்களைத் தேடுங்கள். இணையான நான்கு சின்னக் கோடுகள் கீழ்ப்பக்கம். எழுத்து இருந்தால் ஒரு காகிதத்தில் காசை வட்டமாக வரைந்து, தெரிகிற கோட்டை மட்டும் பென்சிலால் போடுங்கள். நினைப்பதைப் போடாதீர்கள். காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிலையில் பிடிபடும்.

8. யானை தெரிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்

சங்க காலச் செப்புக்காசுகளில் முன்பக்கம் யானை நிற்பது சேரர், சோழர், பாண்டியர் மூவருக்கும் பொது. யானையை வைத்து யாருடையது என்று சொல்லவே முடியாது. வில்லும் அம்பும் பின்பக்கம் இருந்தால் சேரர். வாலைத் தூக்கி நிற்கும் புலி என்றால் சோழர். பாண்டியர் மீன் மட்டும் மீன் மாதிரியே இருக்காது. கோடுகளால் ஆன கோண வடிவம் அது. மீனைத் தேடிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். பாண்டியர் காசில் 'பெருவழுதி', சேரர் காசில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்பொறை' என்ற பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. மாக்கோதை வெள்ளிக்காசில் ஒரு தலை உருவம் உண்டு. ரோமானிய வெள்ளிக்காசின் சாயல் அதில் தெரியும். தலையைப் பார்த்து ரோம் என்று எழுதிவிடாமல், தலைக்கு மேல் உள்ளவை லத்தீன் எழுத்தா, பிராமிக் கோடுகளா என்று பாருங்கள்.

நிஜ ரோமானிய வெள்ளி இங்கே அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையதுதான் மிகுதி. பின்பக்கம் ஈட்டி, கேடயத்தோடு இரண்டு பேர் நின்றால் அகஸ்டஸ் பக்கம் போங்கள். ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருந்தால் டைபீரியஸ். கரூரிலும் மதுரையிலும் கிடைக்கும் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன, வழுக்கைச் செம்புத் துண்டுகளை ஒதுக்க வேண்டாம். அவற்றில் பல 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள்.

யானையில் இன்னொரு குழி. வட்டமாக, தடித்து, 11 கிராம் சொச்சம் எடையில் யானை வந்தால் அது சங்க காலமல்ல, திப்பு சுல்தானின் பைசா. பின்பக்கம் பாரசீக எழுத்து ஓடும். சூரியன், சந்திரனோடு குட்டி யானை என்றால் மைசூர் உடையார் காலத்துக் காசைப் பாருங்கள். இதற்குத்தான் ஐந்தாவது படியை ஏழு, எட்டுக்கு முன்னால் வைத்தேன். எடையும் வடிவமும் கையில் இருந்தால் சங்ககால யானையும் திப்பு யானையும் ஒருநாளும் குழம்பாது.

9. பூச்சி மாதிரி ஒரு மனிதன்

தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பதும் அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இந்த வகை. மெல்லிய கோடுகளில் ஒரு உருவம் நிற்கிறது. கை கால் எல்லாம் ஈர்க்குச்சி. பார்த்தவர்கள் தேள் என்பார்கள், அனுமன் என்பார்கள், வேற்றுக்கிரகவாசி என்றும் ஒருவர் சொன்னார். நிற்பவர் அரசர், கையில் மலர். பின்பக்கம் அதே ஆள் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில், கையின் கீழ், நாகரி என்ற வடநாட்டு எழுத்தில் 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று அடுக்காக இருக்கும்.

தமிழ் எழுத்தைத் தேடி ஏமாறாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பெரும்பாலும் தமிழில் வெட்டியவரின் காசில் நாகரிதான்.

அரசர் நிற்கிறார், நாகரி இருக்கிறது என்பதால் ராஜராஜன் என்று முடிக்கவும் கூடாது. இந்த வடிவத்தைப் பிற்காலத்தில் இலங்கை மன்னர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி என வரிசையாக அடித்திருக்கிறார்கள். இராமநாதபுரம், நாகை கடலோரத்தில் இவையும் கிடைக்கும். உருவம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. கடைசி எழுத்து வரை படிக்காமல் பெயர் எழுதாதீர்கள்.

உட்கார்ந்த புலியும் பக்கத்தில் மீனும் வில்லும் சேர்ந்து ஒரே காசில் வந்தால் அது சோழப் பேரரசின் இலச்சினை. மூவேந்தர் சின்னமும் ஒரே இடத்தில் நிற்பதே அதன் அடையாளம்.

10. மீன், காளை, கருடன்

இடைக்காலப் பாண்டியர் செப்பில் இரட்டை மீன் வரும். தமிழிலேயே எழுதியிருக்கும்: 'சுந்தர பாண்டியன்', 'கோதண்டராமன்', 'எல்லாந்தலையானான்', 'சோணாடு கொண்டான்' என்று. முதலாவது தவிர மற்றவை பெயரல்ல, பட்டம். 'கோதண்டராமன்' என்று படித்துவிட்டு அதைக் கோயில் காசு என்று ஒதுக்கியவர் உண்டு.

படுத்த காளைக்குக் கீழே 'சேது' என்று தமிழில் இருந்தால் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற மன்னர்களுடையது. எழுத்து தேய்ந்து காளை மட்டும் மிஞ்சினால் அவசரப்படாதீர்கள். பல்லவர் காசிலும் காளை உண்டு, விஜயநகரச் செப்பிலும் உண்டு. அங்கே எழுத்தும் எடையும்தான் பிரித்துக் காட்டும். கருடனும் பின்பக்கம் நாகரியில் மன்னர் பெயரும் இருந்தால் விஜயநகரம் பக்கம் தேடுங்கள். நாயக்கர் காலச் சின்னக் காசுகளில் எத்தனை தெய்வம், எத்தனை மிருகம் என்று கணக்கே இல்லை. அங்கே 'நாயக்கர் கால வகை' என்று எழுதி நிறுத்திக்கொள்வது கௌரவக் குறைவல்ல.

11. கப்பல்காரர்கள் காசு

இவைதான் தொடங்குபவர்களுக்கு நல்ல பாடம், ஏனென்றால் பெரும்பாலும் ஆண்டு இருக்கும் அல்லது முத்திரை தெளிவாக இருக்கும்.

பெரிய ஆங்கில 'வி' எழுத்தின் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சி' பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி. ஒருவர் இது வ.உ.சி. நினைவு நாணயமா என்றே கேட்டார். அடியில் 17 என்று தொடங்கும் ஆண்டு இருப்பதைக் காட்டினேன். மறுபக்கம் ஹாலந்து, சீலாந்து போன்ற மாகாணத்தின் கேடயம் இருக்கும்.

கிரீடத்தின் கீழ் அரசர் பெயரின் முதலெழுத்து பின்னியிருந்தால், அதுவும் தரங்கம்பாடிச் சுற்றுவட்டாரம் என்றால், டேனியர். லில்லிப் பூ ஒரு பக்கம், 'புதுச்சேரி' என்று தமிழில் மறுபக்கம் என்றால் பிரெஞ்சுக்காரர்.

ஆங்கிலக் கம்பெனிக்காரர் சென்னைக்காக 1803, 1808 ஆண்டுகளில் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து அனுப்பிய 10 காசு, 20 காசு செம்பு அடிக்கடி வரும். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்தும் ரோமன் எண்ணும். 1808 காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரமே முழுகிப்போனது. பின்னாளில் கடலடியில் மீட்ட காசுகள் இன்றும் விற்பனையில் உலவுகின்றன. எனவே புத்தம்புதிதாகத் தெரியும் 1808 காசு தன் வயலில் கிடைத்தது என்று யாராவது சொன்னால், வயலைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

அதே காலத்துச் சென்னை வெள்ளிப் பணங்களில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கும் சேர்ந்து வரும்.

பாரசீக எழுத்துக் காசில் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு தெரிந்தால், அதை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1200 என்றால் சுமார் 1786. திப்புவின் பிற்காலக் காசுகளில் மட்டும் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அவர் வேறு ஆண்டுக் கணக்கையும் வைத்துக்கொண்டார்.

12. காசே அல்லாதவை

டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் அதிகம் வரும். ஒரு பக்கம் வளைந்த, ஓரத்தில் ஆணி ஓட்டைகளோடு மெல்லிய இரும்புத் தகடு கிடைத்தால் அம்பு முனை, கத்தித் துண்டு என்று மனம் பறக்கும். மாட்டு லாடம் அது. மாட்டுக்குக் குளம்பு பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு, ஆக ஒரு மாட்டுக்கு எட்டு. பழைய வண்டிப்பாதையில் எண்ணற்றுக் கிடக்கும். தடித்த, ஒரு முனையில் தலையுள்ள இரும்பு என்றால் வண்டிச் சக்கரத்தின் கடையாணி.

நடுவில் வட்ட ஓட்டையுள்ள செம்பைச் சீனக் காசு என்று கொண்டுவருவார்கள். அது 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா; ஓரத்தில் ஆங்கிலமும் ஆண்டும் தெரியும். சீனக் காசின் ஓட்டை சதுரம். தஞ்சைப் பகுதியில் அதன் குவியல்களே கிடைத்திருக்கின்றன.

சலங்கை மணி, மெட்டி, பித்தளைப் பொத்தான், எடைக்கல் எல்லாவற்றையும் எடை போட்டு, இடம் எழுதி வையுங்கள். இரும்புக் கசடும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் கிடைத்தால் அங்கே பழைய குடியிருப்பு இருந்திருக்கலாம். காசைவிட அந்தத் தகவல் தொல்லியல் துறைக்குப் பெரிது.

13. போலிகள்

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், '1818, ஓரணா, ஈஸ்ட் இந்தியா கம்பெனி' மறுபக்கம் என்ற கனத்த காசு லட்சக்கணக்கில் போகும் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். கம்பெனி அப்படி ஒன்றைப் புழக்கத்துக்கு அடிக்கவே இல்லை. ஓரணாக் காசே 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அவை பூஜை அறைக்கும் விற்பனைக்கும் செய்தவை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் அதேதான். போன வருடம் புதைந்ததும் மண்ணில்தான் கிடைக்கும்.

வார்ப்புப் போலியை லென்ஸில் பிடிக்கலாம். எழுத்தின் ஓரம் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும், குண்டூசி முனை அளவு குமிழிக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடு ஓடும்.

14. ஒரு காசை முழுக்கப் பார்த்தபோது

நண்பரின் சித்தப்பா இராமநாதபுரம் கடலோரத் தோப்பில் தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தபோது ஒன்று வந்தது. முதல் நாளே மூன்று பேர் ராஜராஜன் என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, யாரும் கழுவவில்லை.

கவரில் எழுதியது: தோப்பு, சுமார் ஒன்றரை அடி ஆழம், தனிக் காசு, பக்கத்தில் சங்கு வளையல் துண்டு. பதினோரு நாள் தண்ணீரில். காய்ந்த பின் 3.92, 3.92, 3.93 கிராம். 19.8 x 20.3 மில்லிமீட்டர். கையால் அடித்தது, காந்தத்தில் ஒட்டவில்லை, உடைந்த ஓரத்தில் செம்பு நிறம். இதுவரை ராஜராஜனுக்கும் பொருந்தும்.

டார்ச்சைத் தாழ்த்தினோம். நிற்கும் அரசர், மலர். பின்பக்கம் அமர்ந்தவர், நாகரி. முதல் எழுத்து 'ஸ்ரீ'. அடுத்து 'ராஜ'. சித்தப்பா கைதட்டிவிட்டார். அடுத்த வரி மண் மூடிக் கிடந்தது. இன்னும் நான்கு நாள் தண்ணீரில் வைத்து, பல்குத்தியால் பள்ளத்தை மட்டும் தள்ளியதும் வந்தது இன்னொரு 'ராஜ' அல்ல. 'லீலா'. அதன் கீழ் பாதி தேய்ந்த 'வதி'. 1197 முதல் 1212 வரையில் மூன்று முறை இலங்கையின் பொலன்னறுவை அரியணை ஏறி இறங்கிய அரசி லீலாவதி.

சித்தப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ராஜராஜன் போய்விட்டாரே என்று. "அரசி ஒருத்தி தன் பெயரில் அடித்த காசு சித்தப்பா, அதுவும் உங்கள் தோப்பில்" என்றேன். "அப்படியா" என்று திரும்ப வாங்கிப் பார்த்தார்.

மனு எழுதினோம். இரண்டு பக்கப் படம், பக்கத்தில் ஸ்கேல், எடை, இடம், தேதி, எங்கள் வாசிப்பு. வாசிப்புக்கு முன்னால் 'எங்கள் கருத்தில்' என்று போட்டோம், 'வதி' பாதிதான் தெரிந்தது என்பதையும் மறைக்கவில்லை. மாவட்ட அருங்காட்சியகத்துக் காப்பாட்சியருக்கோ, எழும்பூர் அருங்காட்சியகத்துக் காசியல் பிரிவுக்கோ காட்டும்போது இந்தத் தாள்தான் பேசும். விலையைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். இடத்தையும் எடையையும் முதலில் நீட்டினால் அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். எங்களுக்குக் காப்பியும் கிடைத்தது.